மூன்று நாள் நின்றால் செல்ஃப் எடுக்க மறுக்கும் கார்: பேட்டரியா, டைனமோவா, வேறு ஏதாவதா?

#1 தேவகோட்டை அடுப்படி

வணக்கம். தேவகோட்டையில் வீட்டிலேயே பலகாரம் போட்டுக் கொடுக்கிறேன். சீப்புச் சீடை, தேன்குழல், அதிரசம். கல்யாண ஆர்டர் வந்தால் டின்களைக் காரில் ஏற்றிக் காரைக்குடிக்கோ பிள்ளையார்பட்டிப் பக்கமோ நானே ஓட்டிப் போய்க் கொடுத்துவிடுவேன். 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், மதுரையில் செகண்ட்ஹேண்டில் வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் பாட்டுப் பைத்தியம் போலிருக்கிறது. டிக்கியை அடைத்துக்கொண்டு ஒரு ஊஃபர் பெட்டி இருந்தது. அதைத் தூக்கிய பிறகுதான் டின் வைக்க இடமே கிடைத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். தை, மாசியில் தினமும் ஓடுகிறபோது ஒரு தொந்தரவும் கிடையாது. மார்கழியிலும் இப்போது ஆடியிலும் ஆர்டர் இல்லாமல் மூன்று நாள் நின்றால் போதும். சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம், டேஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கி அணைந்துவிடும். பழைய பேட்டரிதானே என்று புதுசு போட்டேன். புதுசும் அதே கதை. பேட்டரிக் கடையில் "டைனமோ சார்ஜ் ஏத்தலை" என்கிறார்கள். மெக்கானிக்கோ "பேட்டரியில செல் போயிருச்சு" என்கிறார். இவர் அவரைக் கை காட்ட, அவர் இவரைக் கை காட்ட, நடுவில் எதிர்வீட்டுத் தம்பி ஜம்ப் கேபிளோடு வந்து நிற்கிறான். யார் பேச்சை நம்பிச் செலவு செய்வது?

#2 குன்றக்குடி டாக்ஸி

அக்கா, டைனமோவைப் பார்க்க சுலபமான வழி இருக்கு. வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஓடும்போதே பேட்டரி மைனஸைக் கழட்டிவிடுங்க. வண்டி அணைந்தால் டைனமோ போச்சு. அணையாமல் ஓடினால் பேட்டரிதான் கோளாறு. அம்பாசிடர் காலத்திலிருந்து நாங்க இப்படித்தான் பார்க்கிறோம்.

#3 12வோல்ட்

அண்ணே கோவிச்சுக்கக் கூடாது, அந்த வித்தை அம்பாசிடரோடு போய்விட்டது. இப்போதைய வண்டியில் ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால் ஆல்டர்நேட்டர் (நீங்கள் டைனமோ என்கிறீர்களே, அதுதான்) வோல்டேஜ் சட்டென்று எகிறும். வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியூவோ, கரண்ட்டை ஒரே பக்கம் விடுவதற்காக ஆல்டர்நேட்டருக்குள் இருக்கும் டையோடோ காலியாகலாம். இல்லாத கோளாறை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டாம்.

அக்கா, ஒரு பேட்டரி அடிக்கடி இறங்கிப்போனால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். ஏறின சார்ஜைப் பிடித்துவைக்க பேட்டரிக்குத் தெம்பில்லை. அல்லது ஓடும்போது போதுமான அளவு ஏறவில்லை. அல்லது சாவியை எடுத்த பிறகும் ஏதோ ஒன்று கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் கடைக்காரர் இரண்டாவதைச் சொல்கிறார், மெக்கானிக் முதலாவதைச் சொல்கிறார். ஆனால் யாரும் மீட்டர் வைத்ததாக நீங்கள் எழுதவில்லை.

முதலில் பேட்டரிக்கு முழுசாகச் சார்ஜ் ஏற்றுங்கள். இறங்கிக் கிடக்கிற பேட்டரியைச் சோதித்தால் நல்லதுகூடக் கெட்டதாகத்தான் தெரியும். "செல் போயிருச்சு" என்று பாதிப் பேர் தீர்ப்பு சொல்வது இப்படித்தான். அப்புறம் ஒரு மல்டிமீட்டர் வாங்கிவாருங்கள், டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது என்று கணக்கு. 12.4 முக்கால், 12.2 பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. அடுத்தது, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கிற அந்த ஓரிரு நொடியில் 9.6-க்குக் கீழே விழக் கூடாது. ஸ்டார்ட் ஆன பிறகு 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டும் 13.5-க்கு மேலேயே இருந்தால் ஆல்டர்நேட்டர் மேல் பழி இல்லை.

இந்த எண்களை இங்கே போடுங்கள். அதுவரை யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

#4 தேவகோட்டை அடுப்படி

எதிர்வீட்டுத் தம்பி ஐடிஐ படிக்கிறான், மீட்டர் அவனுடையது. சார்ஜ் ஏற்றி மாட்டின மறுநாள் காலை 12.5. செல்ஃப் அடிக்கும்போது 10.4. ஓடும்போது 14.2. விளக்கு, ஏசி எல்லாம் போட்டால் 13.9.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மார்கழியில் வண்டி சும்மாதானே கிடக்கப் போகிறது என்று மைனஸ் ஒயரைக் கழட்டிப் போட்டிருந்தேன். ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. மாட்டின உடனே முதல் திருப்பிலேயே எடுத்துவிட்டது. அப்போது ஆச்சரியமாக இருந்தது, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

#5 12வோல்ட்

இந்த இழையிலேயே பெரிய தடயம் நீங்கள் கடைசியாக எழுதின அந்த மைனஸ் ஒயர்தான். ஒயரைக் கழட்டினால் ஒரு வாரம் தாங்குகிற பேட்டரி, மாட்டியிருந்தால் மூன்று நாளில் சாகிறது என்றால் பேட்டரி நிரபராதி. 14.2 இருப்பதால் ஆல்டர்நேட்டர் சார்ஜ் ஏற்றுவதிலும் குறை இல்லை. வண்டி தூங்கும்போது யாரோ குடிக்கிறார்கள். யார் என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

#6 குன்றக்குடி டாக்ஸி

டெர்மினலையும் ஒரு தரம் பாருங்க அக்கா. என் வண்டியில் ஒருநாள் மதுரை ஏர்போர்ட் சவாரிக்குக் கிளம்பும்போது செல்ஃப் எடுக்கவே இல்லை. பேட்டரி 12.6 காட்டுது. பார்த்தா பிளஸ் டெர்மினல் முழுக்க வெள்ளையும் பச்சையுமா பூத்துப்போய் இருக்கு. சுடுதண்ணி ஊத்தி, பிரஷ் போட்டு, இறுக்கி முடுக்கி, மேலே வாசலின் தடவினேன். சரியாப் போச்சு.

#7 12வோல்ட்

உண்மை, அதைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பூத்த டெர்மினல் நின்ற வண்டியில் மூன்று நாள் கணக்கு வைத்துக்கொண்டு தொந்தரவு தராது. அது எப்போது வேண்டுமானாலும் காலை வாரும்.

#8 சிக்ரி ரோடு

கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் (சிக்ரி) வாசலில் குடியிருந்துகொண்டு பேட்டரி இழையில் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

கார் பேட்டரிக்குள் ஆறு செல்கள், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் அளவில். கரண்ட் எடுக்க எடுக்க இரண்டு வகைத் தகடுகள் மேலும் லெட் சல்ஃபேட் படியும், ஆசிட் நீர்த்துக்கொண்டே வரும். உடனே சார்ஜ் ஏற்றினால் படிந்தது கரைந்து பழைய நிலைக்கு வந்துவிடும். இறங்கின பேட்டரியை அப்படியே நாள்கணக்கில் போட்டுவைத்தால் அந்தப் படிவம் கெட்டியான படிகமாகிவிடும். அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் அது முழுசாகக் கரையாது, அந்த அளவுக்குக் கொள்ளளவு போனது போனதுதான். காரில் வருகிற பேட்டரி ஒரே மூச்சில் பெரிய கரண்ட் கொடுக்கச் செய்யப்பட்டது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி போல அடிமட்டம் வரை இறங்கி ஏறுவதற்குச் செய்ததல்ல. அதனால் அடுப்படி அவர்கள் ஒவ்வொரு தடவை ஜம்ப் போடும்போதும் புதுப் பேட்டரியின் ஆயுளில் கொஞ்சம் கழிந்துகொண்டிருக்கிறது.

நம்மூர் வெயில் வேறு. வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கிற அரிப்பு வேலைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக நடக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் பேட்டரியைப் பனி கொல்கிறது என்பார்கள். இங்கே சித்திரையும் வைகாசியும்தான் அதை அரிக்கின்றன. மேலே மூடி திறக்கிற வகை என்றால் மாதம் ஒருமுறை தண்ணீர் மட்டம் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் எதுவும் வேண்டாம்.

#9 கானாடுகாத்தான் பூட்டு

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே தொல்லை. நான் சென்னையில், கார் கானாடுகாத்தான் வீட்டில். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம் என்று பல்லவன் ரயிலில் வந்து இறங்கினால்தான் ஓட்டுவது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவார். அப்படியிருந்தும் ஒவ்வொரு தடவை நான் வரும்போதும் பேட்டரி படுத்திருக்கிறது. வண்டியில் வெளியே வாங்கிப் போட்ட சாமான் எதுவும் இல்லை.

#10 12வோல்ட்

ஐயா, உங்களுடையது வேறு கதை. அக்கா விஷயத்தை முடித்துவிட்டு வருகிறேன்.

அக்கா, இப்போது ஆம்பியர் பார்க்க வேண்டும். தம்பியை அவசரப்படாமல் செய்யச் சொல்லுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும் ஓட்டையில் செருகி, டிசி ஆம்பியரில் வைக்க வேண்டும். பானெட்டைத் திறந்து வையுங்கள். டிரைவர் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியைப் பூட்டுங்கள். மைனஸ் ஒயரைக் கழட்டி, அந்த ஒயருக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவில் மீட்டரைப் பாலமாக வையுங்கள். மாட்டின உடனே இரண்டு மூன்று ஆம்பியர் காட்டலாம், பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் பெட்டிகள் எல்லாம் விழித்துக்கொண்டு பிறகு ஒவ்வொன்றாகத் தூங்கும். அரைமணி நேரம் விட்டுவிட்டு வந்து பாருங்கள். 0.02-லிருந்து 0.05 வரை இருந்தால் சகஜம்.

மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. மீட்டர் ஃபியூஸ் அந்த இடத்திலேயே போய்விடும். போன பிறகு 0.00 காட்டும். அதைப் பார்த்து வண்டி சுத்தம் என்று சந்தோஷப்பட்டவர்கள் நிறையப் பேர். சுத்தமாகப் பூஜ்யம் காட்டினால் சந்தேகப்படுங்கள், கடிகாரத்துக்காவது கொஞ்சம் போயாக வேண்டும்.

#11 தேவகோட்டை அடுப்படி

மாட்டினபோது 2-க்கு மேல். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தோம், 0.38-ல் வந்து நிற்கிறது. அசையவில்லை.

#12 12வோல்ட்

பிடித்தாயிற்று. 0.38-ஐ 24-ஆல் பெருக்குங்கள், ஒரு நாளைக்கு 9 ஏஹெச் (ஆம்பியர்-மணி). உங்கள் பேட்டரி 35 ஏஹெச் என்றால் மூன்று நாளில் 27 போய்விடுகிறது, மிச்சத்தில் செல்ஃப் எங்கே சுற்றும்? தையில் தினமும் காரைக்குடி போய்வந்ததில் குடித்ததெல்லாம் திரும்ப ஏறிவிட்டது, அதனால்தான் தெரியவில்லை.

#13 புதுவயல் பையன்

இனிமே சுலபம்தானே. மீட்டரைப் பார்த்துக்கிட்டே ஒவ்வொரு ஃபியூஸா பிடுங்குங்க. எதைப் பிடுங்கினா 0.38 சட்டுன்னு இறங்குதோ அந்த லைன்லதான் கோளாறு.

#14 12வோல்ட்

2014 மாடல் சின்ன வண்டிக்கு அது சரி. புது வண்டி வைத்திருப்பவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம். ஃபியூஸைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் தூங்கின பெட்டிகள் மறுபடி விழித்துக்கொள்ளும், இன்னொரு அரைமணி காத்திருக்க வேண்டும். சில சமயம் விழித்து எழுந்த வேகத்தில் கோளாறே மறைந்துவிடும். ஃபியூஸின் முதுகில் பொட்டுப்போல இரண்டு உலோக முனை தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொடுங்கள். கரண்ட் ஓடாத ஃபியூஸில் பூஜ்யம். ஓடுகிறதென்றால் சின்னதாக ஓர் எண் வரும். எதையும் பிடுங்காமலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

#15 தேவகோட்டை அடுப்படி

தம்பி பொறுமையாக டேஷ்போர்டுக்குக் கீழே உள்ளது, பானெட்டில் உள்ளது எல்லா ஃபியூஸையும் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிவிட்டான். பாட்டு செட்டுக்குப் போகிற ஃபியூஸை எடுத்தால் 0.38 என்பது 0.37 ஆனது. அவ்வளவுதான். வேறு எதற்கும் அசையவில்லை. வண்டிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

#16 குன்றக்குடி டாக்ஸி

நான் அப்பவே சொன்னேன் டைனமோன்னு! உள்ளே டையோடு லீக் ஆனா சார்ஜும் ஏத்தும், நின்னா குடிக்கவும் செய்யும். அதுக்கு ஃபியூஸ் பெட்டியில் தனி ஃபியூஸ் இருக்காது.

#17 12வோல்ட்

இந்தத் தடவை அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பல வண்டிகளில் ஆல்டர்நேட்டரின் தடித்த ஒயர் பெரிய ஃபியூஸ் இணைப்பு வழியாக நேரே பேட்டரிக்குப் போகும், சின்ன ஃபியூஸ்களைத் தொட்டு அதைப் பிடிக்க முடியாது. பேட்டரி மைனஸை முழுசாகக் கழட்டிவிட்டு, ஆல்டர்நேட்டர் பின்னாலுள்ள அந்தத் தடித்த ஒயரை எடுத்துத் துணி சுற்றி வைத்துவிட்டு, மறுபடி மீட்டரை மாட்டிப் பாருங்கள். 0.38 இறங்கினால் டையோடு. அதற்கு முன்னால் இன்னொரு சோதனையும் உண்டு. வண்டி ஓடும்போது மீட்டரை டிசிக்குப் பதிலாக ஏசி (மாறுமின்) வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் பாருங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டையோடு மேல் சந்தேகம் வலுக்கும்.

#18 புதுவயல் பையன்

ஒயரைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். அக்கா முதல் பதிவுல டிக்கியில இருந்த ஊஃபரை எடுத்துட்டேன்னு போட்டிருக்காங்க. ஊஃபர் இருந்தா ஆம்ப்ளிஃபையர் இருந்திருக்கணுமே? அது எங்கே போச்சு? ஆம்ப்ளிஃபையருக்கு பேட்டரியிலிருந்து நேராத் தனி ஒயர் போகும், வண்டியோட ஃபியூஸ் பெட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. பேட்டரி பிளஸ்ல ரெண்டு ஒயர் மாட்டியிருக்கான்னு பாருங்க.

#19 தேவகோட்டை அடுப்படி

தம்பி, நீ நன்றாயிருப்பாய்!

பிளஸ் டெர்மினலில் வண்டியோடு வந்த ஒயருக்கு அடியில் இன்னொரு சிவப்பு ஒயர் இருக்கிறது. ஒரு சாண் தள்ளிக் கண்ணாடி மூடி போட்ட ஃபியூஸ், அதில் 30 என்று எழுதியிருக்கிறது. அங்கிருந்து எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தடுப்பின் ஓட்டை வழியாக உள்ளே போய், கால்மிதிக்கு அடியில் ஓடி, டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்குக் கீழே முடிகிறது. சீட்டை முன்னே தள்ளிக் குனிந்து கை விட்டேன். கார்ப்பெட்டுக்குள் புதைந்த மாதிரி ஓர் அலுமினியப் பெட்டி, மேலெல்லாம் வரி வரியாக. ராத்திரி முழுக்க நின்ற வண்டி, விடிகாலை நேரம், அந்தப் பெட்டி மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது. ஓரத்தில் ஒரு குட்டிப் பச்சை விளக்கு எரிகிறது. அந்த சீட்டில் எப்போதும் அதிரச டின்தான் உட்காரும், அதனால் யாரும் குனிந்து பார்த்ததே இல்லை.

30 ஃபியூஸை உருவினோம். தம்பி மீட்டரைப் பார்த்துக் கத்தினான்: 0.02.

#20 புதுவயல் பையன்

அந்தப் பெட்டியில ஒயர் மாட்டுற இடத்துல மூணு திருகு இருக்கும் அக்கா. ஒண்ணு பிளஸ், ஒண்ணு எர்த், இன்னொண்ணுல ஆர்இஎம்-னு போட்டிருக்கும். அதுல என்ன ஒயர் வருதுன்னு படம் எடுத்துப் போட முடியுமா?

#21 தேவகோட்டை அடுப்படி

படம் இருட்டாக வருகிறது, எழுதியே சொல்கிறேன். ஆர்இஎம் திருகில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு ஒயர், அதன் இன்னொரு முனை பக்கத்திலேயே பிளஸ் திருகில் சொருகியிருக்கிறது. செட்டிலிருந்து வருகிற நீல ஒயர் டேப் சுற்றி அநாதையாகக் கிடக்கிறது.

#22 12வோல்ட்

அதுதான் ஆள். அந்த நீல ஒயர் செட்டை ஆன் பண்ணினால்தான் ஆம்ப்ளிஃபையரை எழுப்பும், செட்டை அணைத்தால் தூங்க வைக்கும். எப்போதோ செட்டை மாற்றினபோதோ, அந்த லைனில் ஏதோ கோளாறு வந்தபோதோ, யாரோ குறுக்கு வழியாகப் பிளஸிலிருந்தே ஒரு துண்டு ஒயரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பாட்டு வந்தது, காசு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து பெட்டி 24 மணி நேரமும் விழித்திருக்கிறது, ஊஃபர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். முதல் ஓனர் வண்டியைத் தினமும் ஓட்டியிருப்பார், அவருக்குத் தெரிந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை. பெட்டியைக் கழட்டிவிட்டு அந்தச் சிவப்பு ஒயர் நுனியில் டேப் சுற்றி சீட்டுக்கு அடியில் விட்டுவிடாதீர்கள். பேட்டரி முனையிலேயே ஒயரைக் கழட்டி, முழு நீளத்தையும் உருவி எடுத்துவிடுங்கள். உரசி எங்காவது பாடியில் தொட்டால் தீப்பிடிக்கும் சங்கதி அது.

#23 கானாடுகாத்தான் பூட்டு

இப்போது என் முறை வந்துவிட்டதா?

#24 12வோல்ட்

வந்துவிட்டது ஐயா. உங்கள் வண்டியில் அநேகமாக ஒரு கோளாறும் இல்லை. நல்ல வண்டியே 0.03 குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மாதத்துக்கு 21, 22 ஏஹெச். பேட்டரி தானாக இறங்குவது வேறு, அது வெயில் காலத்தில் இன்னும் கூடும். இரண்டு மாதம் நின்ற வண்டி படுத்திருப்பதில் அதிசயம் இல்லை.

அந்த ஐந்து நிமிட ஸ்டார்ட்டை நிறுத்தச் சொல்லுங்கள். செல்ஃப் எடுத்ததை அது ஈடு கட்டும், வாரம் முழுக்கக் கசிந்ததை ஈடு கட்டாது. ஐடிலில் ஆல்டர்நேட்டர் கொடுப்பதும் குறைவு. போதாததற்கு எஞ்சின் சூடாவதற்குள் அணைத்தால் சைலன்சருக்குள் தண்ணீர் நிற்கும். அண்ணனுக்கு ஓட்டத் தெரிந்தால் வாரம் ஒருமுறை காரைக்குடி வரை போய்வரச் சொல்லுங்கள், திரும்பும்போது கொஞ்சம் சுற்றிக்கொண்டு வரட்டும். தெரியாதென்றால் ஊருக்குக் கிளம்பும்போது 10 எம்எம் ஸ்பேனரால் மைனஸைக் கழட்டிவிட்டுப் போங்கள். கடிகாரம் திருத்த வேண்டியிருக்கும், சில வண்டியில் ஒரே தட்டில் ஏறுகிற கண்ணாடிக்குத் திரும்பப் பழக்கம் சொல்லித்தர வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

ஸ்பேனரை டிக்கியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பேட்டரி இல்லாவிட்டால் பல வண்டிகளில் டிக்கி திறக்காது. ரிமோட்டும் வேலை செய்யாது, அதற்குள் இருக்கிற சாவியால்தான் கதவைத் திறக்க வேண்டும். பூட்டுத் துவாரம் எங்கே என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

#25 கானாடுகாத்தான் பூட்டு

செட் டாப் பாக்ஸ் அளவில் ஒரு சின்ன சார்ஜர் வருகிறதே, சதா மாட்டியே வைக்கலாம் என்கிறார்களே?

#26 சிக்ரி ரோடு

நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்கிற ரகம் என்றால் மாட்டிவைக்கலாம், நல்லதுதான். சாதாரண சார்ஜரை அப்படி விட்டால் தண்ணீர் வற்றிப் பேட்டரி வெந்துவிடும். ஆனால் யாரும் குடியில்லாத வீட்டில், மின்சாரம் போய்வருகிற ஊரில், மாதக்கணக்கில் ஒரு பிளக் சொருகிக் கிடப்பதைவிட ஒயரைக் கழட்டிவைப்பதே எனக்கு நிம்மதி.

#27 தேவகோட்டை அடுப்படி

பெட்டியும் ஒயரும் இப்போது வாசல் திண்ணையில். வேண்டுமானால் தம்பியே எடுத்துக்கொள்ளட்டும் என்றேன், உடனே தூக்கிக்கொண்டு போய்விட்டான். கடைசியாக ஒன்று. இந்தப் புதுப் பேட்டரி இத்தனை தடவை இறங்கி ஏறியிருக்கிறதே, இதை நம்பி ஆவணி முகூர்த்தத்துக்குப் போகலாமா? வாரண்டி இன்னும் இருக்கிறது.

#28 சிக்ரி ரோடு

சோதித்துவிட்டு நம்புங்கள். பேட்டரியை இறக்கி, 3.5 ஆம்பியருக்கு மேல் போகாமல் ஸ்லோ சார்ஜில் ராத்திரி முழுக்க ஏற்றுங்கள், காற்றோட்டமான இடத்தில், அடுப்புப் பக்கம் இல்லாமல். ஏறும்போது ஹைட்ரஜன் வரும். பிறகு எதிலும் மாட்டாமல் ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டு வோல்ட் பாருங்கள். 12.6-ஐ ஒட்டி நின்றால் பெரிய சேதம் இல்லை, மாட்டிக்கொள்ளலாம். 12.4-க்குக் கீழே வந்துவிட்டால் கடைக்குக் கொண்டுபோய் லோடு டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டின நாள் எழுதின வாரண்டி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆம்ப்ளிஃபையர் கதையை அவர்களாகக் கேட்டால் சொன்னால் போதும்.